ஒண்டிக்கட்டையின் மாநகரம்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட சென்னையில், விவாகமின்றித் தனித்து வாழும் ஒருவருக்கு எளிதில் கிட்டாத வஸ்து ஒன்று உண்டென்றால் அது தனிமைதான் என்று நான் சொன்னால், இந்த ஊரை அறியாதவர்கள் அதை வேடிக்கைப் பேச்சு என்று எண்ணக்கூடும். அறிந்தவர்களோ, அதிலும் மாட வீதிகளை ஒட்டிய சந்து ஒன்றில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தவர்களோ, தலையை ஆட்டிவிட்டு மேலே படிப்பார்கள். காலையில் பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறக்கும் க்ஷணத்திலிருந்து இரவு மாடிப்படி விளக்கை அணைக்கும் வரையில், நான் எங்கே போகிறேன், யார் வருகிறார்கள், ஏன் இளைத்துவிட்டேன், பிற்காலத்தில் என்ன செய்யப்போகிறேன் என்பன போன்ற சகல விஷயங்களிலும் தீர்மானமான அபிப்பிராயம் உடையவர்கள் எங்கள் தெருவில் பலர் இருக்கிறார்கள்.

இந்தப் போர்ஷன் கிடைப்பதற்கு முன்னால் நடந்த படலத்தைச் சற்றே விவரிக்க வேண்டும். 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று தரகர் சொல்லும் இரண்டு வார்த்தைகளில், பேச்சிலர் பையன்கள் மட்டுமல்ல, மாதச் சம்பளமும் பான் கார்டும் நாற்பதைக் கடந்த வயதும் உடைய ஸ்திரீயும் அடிபட்டுப் போகிறாள். ஆண்பிள்ளைகளுக்காவது திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் என்று ஒரு புகலிடம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பெண்களுக்கு லேடீஸ் ஹாஸ்டல், அண்மையில் அரசாங்கம் அடையாறு முதலிய இடங்களில் நடத்திவரும் 'தோழி' விடுதி ஆகியவற்றை விட்டால் வீட்டுக்காரரின் தயவுதான் கதி. 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்று சொல்வது மெய்யே; ஆயினும் இரு தரப்பாரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி என்று ஒரு விலக்கும் அங்கேயே இருப்பதை, சட்டத்தின் வேறெந்தப் பகுதியையும் வாசித்திராத வீட்டுக்காரர்கள்கூடச் செவ்வனே அறிந்திருக்கிறார்கள். நான் பார்க்கப் போன வீடுகளுள் ஒன்றில், சாய்வு நாற்காலியில் வீற்றிருந்த பெரியவர் என் உத்தியோகம், பூர்விகம், ஆகாரம் யாவற்றையும் விசாரித்துத் திருப்தியடைந்த பிறகு, "தனியாவா இருக்கப்போறேள்?" என்று கேட்டார். ஆம் என்றேன். "ஏன்?" என்றார். வாடகை ஒப்பந்தத்தில் பூர்த்தி செய்ய முடியாத அந்தக் கேள்விக்கு நான் பதில் தேடிக்கொண்டிருக்கையிலேயே, அடுத்த மாதம் மருமகன் வந்தாலும் வந்துவிடுவான் என்று சொல்லி எழுந்துகொண்டார்.

தனிப் பெண்ணைப் பற்றிய இந்த விசாரம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. ஜெயகாந்தன் 1966-இல் ஆனந்த விகடனில் எழுதிய 'அக்கினிப் பிரவேச'த்தில், மழை பெய்யும் மாலையில் பஸ்ஸுக்காகக் காத்து நின்று, பின்னர் அந்நியன் ஒருவனின் காரில் ஏறிவிட்ட கல்லூரிப் பெண்ணைத் தாய் தலையில் நீரை ஊற்றிச் சுத்தமாக்கிவிடுவதோடு கதை முடிந்தபோது, வாசகர்கள் பலர் கொந்தளித்தார்கள். அந்தத் தாய் அவ்விதம் நடவாமல் ஊரறியச் செய்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அவர் பிறகு எழுதியதே 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதற்கு 1972-இல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. அதன் நாயகி கங்கா படித்தவள், கௌரவமான உத்தியோகத்தில் இருப்பவள், மணமாகாதவள். ஆனால் அவள் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்பது வீட்டாருக்கும் வெளியாருக்கும் தீராத பிரச்னை. நாவலைத் திரும்பப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, இலக்கியத்தில் அவளுக்கு இடம் கொடுத்த ஊர், குடியிருக்க இடம் கொடுப்பதற்கு மேலும் ஒரு தலைமுறைக்காலம் எடுத்துக்கொண்டது என்பதுதான்.

பஸ்ஸைப் பொறுத்தமட்டில் கங்காவின் வழித்தோன்றல்களுக்கு யோகம் அடித்திருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்குச் செல்லும் ஐந்து-பி பஸ்ஸில் அலுவலகம் போய்வருகிற எனக்கு, மாதச் செலவில் மிச்சம் ஏற்பட்டதைவிடப் பெரிய லாபம், காரணமில்லாமல் பஸ் ஏறும் சுதந்திரம் கிடைத்ததுதான். சாயங்காலம் வீட்டுக்குப் போக மனமில்லையென்றால், லஸ் முனையில் இருபத்தொன்பது-சி வந்து நின்றதும் ஏறிவிடலாம். பெசன்ட் நகரில் இறங்கி, காற்று வாங்கிவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பலாம். இதையெல்லாம் பிரயாணம் என்று சொல்வார்களா என்று சிலர் கேட்கலாம். துணைக்கு ஆள் இல்லாமலும், எங்கே என்று யாருக்கும் சொல்லாமலும், பெண்ணொருத்தி கிளம்பிப் போவது எதுவாயினும் அது பிரயாணம்தான் என்பது என் கட்சி.

இனி, எல்லோரும் கேட்க விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். வரன் தேடுதல் என்னும் கைங்கரியம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் வரி விளம்பரத்திலிருந்து கணினிக்குக் குடிபெயர்ந்ததில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. முருகவேல் ஜானகிராமன் தொடங்கிய பாரத் மேட்ரிமோனிக்குத் தலைமையிடம் இந்நகரமே. அங்கே விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர்கள். என் வயதில், பெற்றோர் இல்லாதவர்கள் தமக்குத் தாமே தகப்பனாராக இருந்து, 'குடும்பப் பாங்கான பெண்' என்று தம்மைப் பற்றித் தாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கூச்சம் அங்கேயே என்னைத் தடுத்துவிட்டது. அதற்குப் பிறகு கைப்பேசியில் டேட்டிங் செயலிகள் வந்தன. டிண்டர், பம்பிள் என்ற அந்நியப் பெயர்களுக்கு நடுவே தமிழர்களுக்கென்றே 'அன்பே' என்று ஒன்றும் தோன்றியது. இளையவள் ஒருத்தி அலுவலகத்தில் மத்தியான இடைவேளையில் என் கைப்பேசியை வாங்கி, என் சம்மதத்துடனேயே, என்னை அதில் பிரவேசிக்கச் செய்தாள்.

அதன் பயனாக அடையாற்றிலுள்ள காபிக் கடையொன்றில் நான் சந்தித்த கனவான் நல்லவர், கணக்குத் தணிக்கையாளர், இஸ்திரி கலையாத சட்டை அணிந்திருந்தார். பயணங்களைப் பற்றியும், பழைய சினிமாப் பாட்டுகளைப் பற்றியும், தமக்குச் சம்பிரதாயங்களில் நம்பிக்கை கிடையாது என்பதைப் பற்றியும் அழகாகப் பேசிக்கொண்டு வந்தார். இரண்டாவது காபி வந்தது. சர்க்கரைப் பொட்டலத்தின் ஓரத்தை மிகவும் கவனமாகக் கிழித்தபடியே, என்னைப் பார்க்காமல், "சும்மாத்தான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க, உங்க நட்சத்திரம் என்ன?" என்றார். சொன்னேன். ஸ்பூனால் கலக்கிக்கொண்டிருந்த கை ஒரு விநாடி நின்று, மறுபடியும் கலக்கலாயிற்று. பொருத்தம் பத்தில் எத்தனை தேறிற்று என்பதை அவர் சொல்லவில்லை. அன்று கடைக்கு வெளியே மிகுந்த மரியாதையுடன் எனக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார், அவ்வளவே.

வேறொருவருடன் எலியட்ஸ் கடற்கரைக்குப் போனேன். இந்நகரத்தில் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டிருப்பதற்குக் காசு கொடாமல் கிடைக்கும் இடம் கடற்கரை ஒன்றே. அங்கே கார்ல் ஷ்மிட்டின் வெண்ணிற நினைவுச்சின்னம் நிற்கிறது. 1930-இல், நீரில் மூழ்கிக்கொண்டிருந்தவரைக் காப்பாற்றப் போய்த் தம் உயிரை இழந்த ஐரோப்பியர் அவர். அதன் நிழலில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்களுள் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியுமோ, அறியேன். நாங்கள் அமர்ந்த சிறிது நேரத்துக்குள் சுண்டல்காரப் பையன், கைரேகைக்காரி, பூக்காரம்மா ஆகியோர் வரிசையாக வந்து எங்கள் உறவுமுறையை விசாரித்தார்கள். "வூட்டுக்காரரா?" என்று பூக்காரம்மா கேட்டதற்கு இல்லையென்று நான் தலையசைத்ததும், "அப்பறம் இன்னாத்துக்கும்மா குந்திக்கினு கீறீங்க, எயுந்து போய் ஒரு தாலி வாங்கியாரச் சொல்லு" என்று ஆணையிட்டாள். என்னுடன் வந்தவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் இந்தக் கட்டுரையின் போக்கே வேறாக இருந்திருக்கலாம்.

ஆனால் அந்நிய ஆணும் பெண்ணும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, எவருடைய புருவமும் உயராமல், சாவகாசமாகச் சம்பாஷிக்கக்கூடிய இடம் ஒன்று மயிலாப்பூரில் உண்டு என்பதை இளைஞர்கள் அறியாதிருப்பது பெரிய நஷ்டம். மார்கழி மாதத்துச் சபா கேன்டீனைத்தான் சொல்கிறேன். அங்கே இடம் கிடைப்பதே அரிது; ஆகவே எந்த நாற்காலி காலியாகிறதோ அதில் அமர்வதே தர்மம்; எதிரில் இருப்பவர் யார் என்று பார்க்க அவகாசமில்லை. அடை அவியல் வருவதற்குள், காலையில் பாடிய தோடியைப் பற்றி எதிரே இருப்பவரிடம் அபிப்பிராயம் கேட்காவிட்டால்தான் அது மரியாதைக் குறைவு. இப்படி ஒரு டிசம்பரில் எனக்கு ஏற்பட்ட பரிச்சயம், தை பிறந்ததும் கேன்டீனோடு கலைந்துவிட்டது. அடுத்த மார்கழியில் அவர் மனைவியோடு வந்திருந்தார். காசி அல்வா நன்றாக இருக்கிறது, வாங்கிச் சாப்பிடுங்கள் என்று இருவரிடமும் சொன்னேன்.

உறவினர்களுக்கு இந்த விருத்தாந்தங்கள் தெரியாவிட்டாலும் பரிகாரம் மட்டும் அவர்களிடம் தயாராக இருந்தது: திருவிடந்தை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டினால் வரும் அந்தத் திவ்ய தேசத்தில் நித்தியகல்யாணப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். காலவ ரிஷியின் முந்நூற்று அறுபது கன்னிகைகளை நாளொன்றுக்கு ஒருத்தியாக மணந்துகொண்ட வராக மூர்த்தியிடம், ஒரே ஒரு விவாகத்தை வேண்டுவது அதிகப்பிரசங்கம் ஆகாதல்லவா? இரண்டு மாலைகளுடன் சென்று அர்ச்சனை செய்து, திரும்பப் பெற்ற ஒன்றைக் கழுத்தில் அணிந்து, பிராகாரத்தை ஒன்பது முறை வலம் வரவேண்டும். மாலையை வீட்டில் பத்திரப்படுத்தி, மணமான பின் தம்பதியாக வந்து சேர்ப்பிக்க வேண்டும். நான் சென்ற அன்று பிராகாரத்தில் மாலையும் கழுத்துமாகப் பலர் சுற்றிக்கொண்டிருந்தோம். ஐ.டி. கம்பெனி அடையாள அட்டையை மாலைக்கு அடியில் மறைத்துக்கொண்ட பையன்கள், அம்மாவிடம் செருப்பைக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள், தலை நரைத்த ஒருவர். செயலிகளில் முகம் காட்டாமல் ஒளிந்துகொள்ளும் அத்தனை பேரும் அங்கே பட்டப்பகலில் தத்தம் நிலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு, ஒரே திசையில், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நடந்தோம். நின்று திரும்பிப் பார்த்திருந்தால் பாதிப் பேருக்கு அங்கேயே காரியம் முடிந்திருக்கும்!

சிநேகிதத்தைப் பற்றிச் சொல்வதானால், கல்லூரித் தோழிகள் விவாகமானதும் விலகிப் போனார்கள் என்று குறை கூறுவதில் அர்த்தமில்லை. அவர்கள் பிள்ளைகளின் பரீட்சைகளுக்குப் போயிருக்கிறார்கள், திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் எனக்கு நண்பர்களாக வாய்த்தவர்கள், ஒன்று என்னைவிட இருபது வயது இளையவர்கள், அன்றேல் முப்பது வயது மூத்தவர்கள். பின்னவர்களை நாகேஸ்வர ராவ் பூங்காவில் சம்பாதித்தேன். அமிர்தாஞ்சனம் கண்டவரின் பெயரால் அமைந்த அந்தப் பூங்காவில், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சிறுவர் சிறுமியர் ஒலிபெருக்கி இல்லாமல் பாடும் கச்சேரி நடக்கும். அதைக் கேட்க வரும் மாமிகளின் பெஞ்சியில் எனக்கும் ஒரு விளிம்பு ஒதுக்கப்பட்டது. சில காலம் கழித்து, ஒரு சிறு அறுவைச் சிகிச்சைக்காக நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, சம்மதப் படிவத்தில் 'நோயாளிக்கு உறவு' என்னும் இடத்தில் என்ன எழுதுவதென்று நர்ஸ் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பெஞ்சி மாமிகளுள் ஒருவர், மேற்கு மாம்பலத்திலிருந்து ஆட்டோவில் வந்தவர், பேனாவை வாங்கிச் 'சித்தி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். எங்களுக்குள் ரத்த சம்பந்தம் எள்ளளவும் கிடையாது.

அந்த மாமியோடுதான் காசிக்குப் போனேன். யாத்திரை ஏஜெண்டு, அறைக்கு இருவர் என்பதே கணக்கு, தனியறை வேண்டுமென்றால் கட்டணம் அதிகம் என்றார்; தனியாக வாழ்வதற்கு உலகமெங்கும் விதிக்கப்படும் அபராதம் இது. மாமியும் கணவரை இழந்து தனித்திருப்பவர் ஆகையால் இருவரும் சேர்ந்து ஏஜெண்டின் கணக்கைச் சரிசெய்தோம். எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளை குடையும் தடியும் விசிறியுமாகக் காசிக்குப் புறப்படுவதும், பெண்ணின் தகப்பனார் வழிமறித்துப் பெண்ணைத் தருகிறேன் என்று திருப்பி அழைத்து வருவதும் வழக்கம். உண்மையாகவே காசிக்குப் புறப்பட்ட என்னை வழிமறிக்க ரயிலடிக்கு ஒருவரும் வரவில்லை. பிரயாகையில் திரிவேணி சங்கமத்துப் படகில், கணவன்மார் மனைவியருக்குத் தலை பின்னி, நுனிக்கூந்தலைக் கத்தரித்து, வேணி தானம் செய்துகொண்டிருக்கையில், அதில் பங்கு இல்லாத நாங்கள் இருவரும் ஓரமாக உட்கார்ந்து, எந்தக் கணவருக்குப் பின்னத் தெரிகிறது என்று மார்க் போட்டோம். தேறியவர்கள் குறைவு.

கயையில் ஒரு காய், ஒரு கனி, ஓர் இலையை ஆயுள் முழுவதும் விட்டுவிட வேண்டும் என்பது சம்பிரதாயம். யாத்ரீகர்கள் அனைவரும் தமக்குப் பிடிக்காத பதார்த்தங்களாகப் பார்த்துத் துறந்துகொண்டிருந்தார்கள்; மாமி விட்டது கொத்தவரங்காயை. எனக்கு வரன் பார்ப்பதையும் இங்கேயே விட்டுவிடலாமே என்றேன். "அது காய்கறி இல்லைடீ" என்று சொல்லிவிட்டார்.

காசிக்குப் போனவர்கள் ராமேஸ்வரத்துக்கும் போனால்தான் யாத்திரை பூர்த்தியாகும். 2022 கடைசியில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோனதிலிருந்து மாமி காத்துக்கொண்டிருந்தார். 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டதும், இரண்டு டிக்கெட் போடச் சொல்லிவிட்டார். கங்கா தீர்த்தச் சொம்பு அவர் வீட்டுப் பூஜையறையில் தயாராக இருக்கிறது. "போற வழியிலே காரைக்குடியிலே ஒரு நாள் இறங்கிக்கலாம்" என்றார், நேற்றுத் தொலைபேசியில். காரைக்குடியில் என்ன விசேஷம், செட்டிநாட்டு மாளிகையா என்று கேட்டேன். "மாளிகையும் பார்க்கலாம். என் நாத்தனார் பிள்ளை அங்கேதான் எல்.ஐ.சி.யிலே இருக்கான். நாற்பத்தாறு வயசு. நீ வரச்சே ஜாதகத்தை மறந்துடாதே" என்றார்.