நீலகிரிச் சோலைகளும் பவானிப் பாசனமும்

பவானிசாகர் அணை 1955-ஆம் வருஷத்தில் முடிவு பெற்றது. கீழ்பவானி வாய்க்காலைக் கொண்டு 2,07,000 ஏக்கர் நிலம் சாகுபடியாகி வருகிறது. வாய்க்காலில் ஜலம் விடும் நாளைக் கணக்கிட்டு நாற்று விடும் குடியானவர்கள், அந்த ஜலம் எங்கு உற்பத்தியாகிறதென்பதை விசாரிப்பது அபூர்வம். அணையில் வந்து சேரும் மோயாறு, மேலே பைக்காரா என்ற பெயருடன் முக்குருத்தி சிகரத்தருகே புறப்படுவதாகும். 2,554 மீட்டர் உயரமுள்ள இச்சிகரத்தைச் சூழ்ந்த சுமார் 78 சதுர கிலோமீட்டர் பரப்பு 1990-ஆம் வருஷத்தில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது.

இவ்வனம் அடிவாரக் காடுகளைப் போன்றதன்று. சரிவுகள் யாவும் புல். பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் மாத்திரம் குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கின்றன. இவற்றிற்கே சோலை என்று பெயர். தாவர சாஸ்திரிகளும் ஆங்கிலத்தில் இத்தமிழ்ச் சொல்லையே ‘ஷோலா’ என வழங்குகின்றனர். திறந்த வெளியில் இரவில் விழும் உறைபனி இளங்கன்றுகளைக் கருக்கிவிடுவது, சோலை புல்வெளிக்குள் பரவாமைக்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாம்.

சோலையினுள் நாவலின் இனங்களும், காட்டுச் செண்பகமும், காட்டு இலவங்கமும் வளர்கின்றன. அடிமரமெங்கும் பாசியும் பெரணியும் அடர்ந்து, தரையில் மக்கிய இலைகள் மெத்தை போல் கிடக்கின்றன. நம் வயலுக்குத் தழையுரம் செய்யும் உபகாரத்தை அங்கு இம்மெத்தை செய்கிறது. பெய்த மழையை உறிஞ்சி மெல்லக் கசியவிடுகிறது.

புல்வெளி வரையாட்டின் மேய்ச்சல் நிலம். இப்பிராணி தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வசிப்பதில்லை. கருமந்தியும், சோலைக்கிளி என்னும் சிறு நீலக் குருவியும் (பெயரில்தான் கிளி) சோலையையே அண்டியவை. பன்னிரண்டு வருஷங்களுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சியோ புல்வெளிக்குரியது. ஆகவே, மரமில்லாத புல்வெளியைத் தரிசென்று எண்ணுவது பெரும் பிழை.

அவ்வாறு எண்ணியே முன்னாளில் சர்க்கார், விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாக, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் என்னும் சீகை மரத்தைப் புல்வெளியில் பயிராக்கிற்று. அது நட்ட எல்லையோடு நில்லாமல் பரவிற்று. வெட்டினால் மட்டும் தீர்வதில்லை. விதை மண்ணில் பல வருஷம் உயிரோடிருக்கும், தீ பட்டால் திரளாக முளைக்கும். ஆதலால் வனத்தை அடுத்த கிராமங்களின் அதிகாரிகள், கோடையில் புல்லுக்குத் தீயிடுவதைக் கண்டிப்பாய்த் தடுத்தல் வேண்டும். வெட்டிய இடத்திலும் வருஷந்தோறும் நாற்றுகளைப் பிடுங்கி வருதல் அவசியம். சில இடங்களில் சீகையின் நிழலில் உறைபனிக்குத் தப்பிச் சோலைக் கன்றுகள் எழும்பியிருக்கின்றன. அங்கு கோடாரியை அவசரமாய் எடுத்தலாகாது.