வேற்றுப் பொறியில் டூம்

கணிப்பொறி என்னும் பொதுப்பெயரால் வழங்கப்படினும், கணிப்பொறிகள் யாவும் ஓரினத்தைச் சார்ந்தவை அல்ல. ஒன்றுக்கென எழுதிய கட்டளைகளை மற்றொன்று அறியாது. செயலி என்னும் உறுப்பே கணிப்பொறியின் மூளை. ஒவ்வோர் இனச் செயலிக்கும் தனித்தனி மொழி உண்டு. இன்டெல் நிறுவனத்தாரின் செயலிக்காக எழுதப்பெற்ற நிரலை மோட்டோரோலா செயலியின் முன் வைத்தால், அது பொருளற்ற எண்களின் கூட்டமாகவே முடியும். ஆகவே, ஒரு பொறிக்கென ஆக்கிய விளையாட்டு பிறிதொரு பொறியில் நடைபெற வேண்டுமாயின், அதனைப் பெயர்த்தமைத்தல் இன்றியமையாதது. அப்பணி எத்தகையது என்பதை, டூம் என்னும் விளையாட்டு அமீகா என்னும் கணிப்பொறியில் குடிபுகுந்த வரலாறு நன்கு விளக்கும்.

டூம் விளையாட்டை அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த இட் சாஃப்ட்வேர் என்னும் சிறு நிறுவனத்தார் 1993ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் வெளியிட்டனர். அதன் உள்ளியக்கத்தை எழுதியவர் ஜான் கார்மாக் என்பவர். செவ்வாய்க் கோளின் துணைக்கோள்களில் அகப்பட்ட ஒரு படைவீரன், அங்கே புகுந்த பேய்க்கணங்களை எதிர்த்துத் தனியனாய்ப் போரிடுவதே அவ்விளையாட்டின் பொருள். ஆடுபவர் அவ்வீரனின் கண்கொண்டே யாவற்றையும் காண்பார். துப்பாக்கியும் குருதியும் மிகுந்த இவ்விளையாட்டு சிறுவர்க்கு ஏற்றதன்று எனப் பலர் அந்நாளில் கண்டித்தனர். அக்கண்டனம் முற்றிலும் பொருளற்றது எனக் கூறுவதற்கில்லை. எனினும், அதன் உள்ளமைப்பின் நேர்த்தியைக் கற்றோர் எவரும் குறைத்து மதித்திலர்.

அவ்விளையாட்டு இன்டெல் 386 செயலியும் 4 மெகாபைட் நினைவகமும் கொண்ட பி.சி. எனப்படும் கணிப்பொறிக்காக வெளிவந்தது. அக்காலத்தே கமடோர் நிறுவனத்தாரின் அமீகாவும் உலகில் பலரால் விரும்பப்பட்டு வந்தது. 1985இல் தோன்றிய அப்பொறி, வண்ணப் படங்களிலும் இனிய ஒலியிலும் அந்நாளைய பி.சி.யை நெடுந்தொலைவு பின்னிறுத்தியிருந்தது. விளையாட்டுக்கு அமீகாவே உகந்தது என்று அதனை வாங்கியோர் பெருமையுடன் சொல்லி வந்தனர். டூம் வந்தபின் அப்பெருமை தளர்ந்தது. அலுவலகக் கணக்கெழுதும் பொறி என்று அவர்கள் இகழ்ந்த பி.சி.யில், சுவர்களும் படிக்கட்டுகளும் கண்முன் விரைந்து நகர்ந்தன. தம் பொறியிலோ அதற்கு ஒப்பானது யாதொன்றும் இல்லை. 1994ஆம் ஆண்டு ஏப்பிரல் இறுதியில் கமடோர் நிறுவனமும் கடனால் வீழ்ந்தது. அவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. ஒரு விளையாட்டின்மேல் அப்பழியைச் சுமத்துதல் பொருந்தாது. ஆயினும், பல்லாண்டு பழகிய பொறியைக் கைவிட மனமில்லாதோர், 'அமீகாவால் டூமை இயக்க இயலுமா?' என்னும் வினாவைத் தம் பொறியின் மதிப்பைப் பற்றிய வினாவாகவே கொண்டனர்.

நான்கு ஆண்டுகள் அவ்வினாவுக்கு விடை கிடைத்திலது. காரணம், மூல நிரல் பொதுவில் வெளியிடப்படவில்லை. மனிதர் படித்தறியும் வண்ணம் எழுதப்பெறுவது மூல நிரல். அதனைச் செயலியின் மொழியில் மாற்றிய பின்பே விற்பனைக்கு விடுவர். மாற்றிய வடிவிலிருந்து மூலத்தை மீட்டெடுத்தல் பெரும்பாடு. 1997ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், இட் நிறுவனத்தார் டூமின் மூல நிரலை எவரும் எடுத்துப் படிக்குமாறு வெளியிட்டனர். பொருளீட்டும் வணிகத்திற்கு அதனைப் பயன்படுத்தலாகாது என்ற கட்டுப்பாடு மட்டும் முதலில் இருந்தது. 1999இல் அதுவும் நீங்கி, ஜி.பி.எல். என்னும் பொதுவுரிமையின்கீழ் அந்நிரல் வந்தது. அவர்கள் வெளியிட்டது பி.சி.யின் டாஸ் இயங்குதளத்துக்குரிய வடிவமன்று. லினக்ஸ் இயங்குதளத்துக்குரிய வடிவமாகும். டாஸ் வடிவில் ஒலிக்குப் பிறர்க்கு உரிமையான நிரலொன்றை அவர்கள் வாங்கிச் சேர்த்திருந்தமையே அதற்குக் காரணம். பிறர் பொருளைத் தாம் வழங்க இயலாதன்றோ?

மூல நிரலைத் திறந்து நோக்கியோர்க்கு ஒரு நற்செய்தி காத்திருந்தது. நிரலின் பெரும்பகுதி சி என்னும் மொழியில் எழுதப்பட்டிருந்தது. அம்மொழியை எந்தச் செயலியின் மொழியாகவும் மாற்றும் கருவிகள் உண்டு. மேலும், திரை, ஒலி, கடிகாரம், வலையிணைப்பு ஆகிய பொறிசார்ந்த பகுதிகள் யாவும் தனிக் கோப்புகளில் ஒதுக்கப்பட்டு, ஐ என்னும் ஆங்கில எழுத்தை முதலாகக் கொண்ட பெயர்களைத் தாங்கி நின்றன. பேய்கள் நடப்பதும், கதவு திறப்பதும், சுவர் வரையப்படுவதும் வேறு கோப்புகளில் இருந்தன. அவற்றைப் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை. இந்த ஒழுங்கு தற்செயலாக அமைந்ததன்று. டூமை ஆக்கியோர் அதனை நெக்ஸ்ட் என்னும் வேறொரு கணிப்பொறியில் எழுதி, அங்கே இயக்கிப் பார்த்த பின்னரே பி.சி.க்குக் கொண்டு சென்றனர். பிறந்த நாள்தொட்டே இரண்டு வீடுகளில் வளர்ந்த நிரல் அது. அந்த நெக்ஸ்ட் பொறிகள் முதலில் மோட்டோரோலா செயலி கொண்டே செய்யப்பட்டன; அமீகாவின் செயலியும் அவ்வினமே.

அவ்வாறாயின் இடர்ப்பாடு எங்கே எழுந்தது? முதலாவது, எண்களை எழுதும் முறையில். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையிலான எண்ணே அடங்கும். அதனினும் பெரிய எண்ணுக்கு இரண்டு பைட்டுகளேனும் வேண்டும். தேதியை நாள், மாதம், ஆண்டு எனச் சிலரும், ஆண்டு, மாதம், நாள் எனச் சிலரும் எழுதுவதுபோல, இன்டெல் செயலி சிறுபகுதியை முன்னும் பெரும்பகுதியைப் பின்னும் வைக்கும். மோட்டோரோலா செயலி பெரும்பகுதியை முன்வைக்கும். டூமின் படங்களும் ஒலிகளும் நிலவரைபடங்களும் வாட் என்னும் ஒரே கோப்பில் இன்டெல் முறைப்படி அடுக்கப்பட்டுள்ளன. அதில் 320 புள்ளி அகலமுடைய ஒரு படத்தின் அகலம் 64, 1 என்னும் இரண்டு பைட்டுகளாய் இருக்கும். அமீகா அதனை மாற்றாது படித்தால் 64 மடங்கு 256உடன் ஒன்றைக் கூட்டி, 16,385 எனக் கொள்ளும். படம் குலைவதோடு நிரலும் நின்றுபோகும். ஆதலின், கோப்பிலிருந்து எடுக்கும் ஒவ்வோர் எண்ணையும் முன்பின்னாகத் திருப்புதல் வேண்டும். நெக்ஸ்ட் பொறியின் பொருட்டு அத்திருப்பம் மூல நிரலில் முன்னரே இடம் பெற்றிருந்தது. அமீகாவுக்கு அதனை முடுக்கிவிட்டாலே போதுமானதாயிற்று.

பெருந்தடை திரையில் இருந்தது. டூம் தன் காட்சியை 320க்கு 200 என்னும் அளவில், 64,000 புள்ளிகளாக வரைகிறது. புள்ளி ஒன்றுக்கு ஒரு பைட். அப்பைட்டிலுள்ள எண், 256 வண்ணங்களுள் இன்னது என்று குறிக்கும். பி.சி.யில் ஒரு புள்ளியின் நிறத்தை மாற்ற ஒரு பைட்டை எழுதினால் போதும். அமீகாவின் முறை வேறு. 256 வண்ணம் காட்டும் அமீகா 1200 முதலிய பொறிகளில் திரை எட்டுத் தளங்களாகப் பிரிந்திருக்கும். ஒரு பைட்டில் எட்டு பிட்டுகள் உண்டு. ஒரு புள்ளியின் எட்டு பிட்டுகளுள் முதலாவது முதல் தளத்திலும், இரண்டாவது இரண்டாம் தளத்திலும் எனச் சிதறிக் கிடக்கும். தளம் ஒன்றுக்கு 8,000 பைட்டுகள். எட்டுக்கும் சேர்த்து அதே 64,000. அளவு ஒன்றே, அடுக்கு முறைதான் வேறு. ஆயினும், ஒரு புள்ளியை மாற்ற எட்டு இடங்களைத் தொட வேண்டும். நினைவகம் பொன்போல் அரிதாயிருந்த 1985இல், குறைந்த வண்ணங்களுக்குக் குறைந்த தளங்களே போதும் என்பதால் அம்முறை சிக்கனமாய் இருந்தது. காட்சி முழுவதையும் நொடிக்குப் பன்முறை புதிதாய் வரையும் டூமுக்கோ அது பெருஞ்சுமை.

இதற்குக் கண்ட வழி அழகியது. பி.சி.யில் போலவே காட்சி முழுவதையும் முதலில் விரைவான நினைவகத்தில் வரைந்து கொள்வர். பின்னர் அதனை ஒருங்கே தளங்களாக மாற்றித் திரைக்கு அனுப்புவர். எட்டுப் புள்ளிகளின் எட்டு பைட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாய் எழுதினால், பக்கத்துக்கு எட்டுக் கட்டங்கள் கொண்ட ஒரு சதுரம் கிடைக்கும். அதனைக் கிடைவரிசையாய்ப் படித்தால் புள்ளிகள். நெடுவரிசையாய்ப் படித்தால் தளங்கள். ஆகவே சதுரத்தை மூலைவிட்டத்தின் வழியே கவிழ்த்தால் வேலை முடிந்தது. 64 கட்டங்களையும் ஒவ்வொன்றாய் இடம் மாற்ற வேண்டியதில்லை. முதலில் நான்குக்கு நான்கான பகுதிகளையும், அடுத்து இரண்டுக்கு இரண்டான பகுதிகளையும், இறுதியில் ஒற்றைக் கட்டங்களையும் எதிர்மூலையோடு மாற்றிக்கொண்டால், மூன்றே படிகளில் சதுரம் கவிழ்ந்துவிடும். செயலியின் உள்ளறை ஒவ்வொன்றும் 32 பிட் அகலமுடையதாதலால், 32 புள்ளிகளை ஒரே வேளையில் இவ்வாறு திருப்பினர். திரைக்குரிய நினைவகம் மெதுவானது. அதில் ஓர் எண் எழுதி முடியும்வரை விரைவான செயலி வாளா காத்திருக்கும். 68040, 68060 செயலிகளுக்கு எழுதியோர், அக்காத்திருப்பு நேரத்திலேயே அடுத்த புள்ளிகளைத் திருப்பி முடித்துவிடுமாறு கட்டளைகளை இடையிடையே கோத்தனர். அதனால் திருப்பும் வேலைக்கென்று தனியே செலவாகும் நேரம் ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. இத்திருப்பத்துக்கெனவே ஒரு மின்சுற்றைக் கமடோர் நிறுவனத்தார் 1993இல் வெளியிட்ட சி.டி.32 என்னும் பொறியில் வைத்திருந்தனர். தேவையை அவர்களும் உணர்ந்தே இருந்தனர் போலும். உணர்ந்த காலந்தான் பிந்திவிட்டது.

பெருக்கலிலும் ஒரு விந்தை நேர்ந்தது. டூம் பின்ன எண்களை 65,536 மடங்காக்கி, முழு எண்களாகவே கையாளும். ஒன்றரை என்பது 98,304. இரண்டரை என்பது 1,63,840. இவ்விரண்டையும் பெருக்கினால் 1,610 கோடிக்கு மேற்பட்ட எண் வரும். அதனை 65,536ஆல் வகுத்தால் 2,45,760, அதாவது மூன்றே முக்கால் கிடைக்கும். இடையில் வரும் அப்பேரெண் 32 பிட்டுக்குள் அடங்காது. 64 பிட் விடை தரும் பெருக்கல் வேண்டும். பழைய 68030, 68040 செயலிகளுக்கு அப்பெருக்கல் தெரியும். அவற்றினும் விரைவான 68060 செயலியிலோ, அரிதாகவே பயன்படும் என்று கருதி அதனை நீக்கிவிட்டனர். அக்கட்டளையைக் காணும்போதெல்லாம் 68060 தன் வேலையை நிறுத்தி, வேறொரு துணை நிரலை அழைத்து, அதனைக்கொண்டு விடை காணும். சுவரின் ஒவ்வொரு கீற்றுக்கும் பெருக்கல் செய்யும் விளையாட்டில் இது பொறுக்கலாகாத தாமதம். அதனால் 68060க்கு மட்டும் தசம எண்களைக் கணக்கிடும் தனிப்பிரிவின் வழியே பெருக்கலைச் செய்வித்தனர். முதிய செயலிகளுக்கு எளிதான ஒன்றுக்கு இளைய செயலி சுற்றுவழி தேட நேர்ந்தது!

ஒலியில் இடர் சிறிது. டூமின் ஒலிகள் 0 முதல் 255 வரையிலான எண்களால் ஆனவை. அமைதியின் குறி 128. அமீகாவின் ஒலிச்சுற்றுக்கு அமைதி 0. எண்கள் அதன் இருபுறமும் ஏறி இறங்கும். ஒவ்வொரு பைட்டிலும் தலைமை பிட்டை மட்டும் மாற்றியதும் பேய்களின் உறுமல் தெளிவாய்க் கேட்டது. கடிகாரத்தை நொடிக்கு 35 துடிப்புகளாக அமைத்தலும், விசைப்பலகையின் குறியெண்களைப் பொருத்துதலும் சிறு வேலைகள்.

மூல நிரல் வெளியான சில வாரங்களுக்குள் ஏ-டூம், டூம் அட்டாக் முதலிய பெயர்களில் அமீகாவுக்குரிய வடிவங்கள் கைக்குக் கை பரவின. கடையில் வாங்கிய அமீகா 1200 அப்படியே இதற்குப் போதாது. அதன் நினைவகம் 2 மெகாபைட்டே. கூடுதல் நினைவகமும் விரைவான செயலியும் கொண்ட அட்டையைச் செருகுதல் வேண்டும். 68030 உடையோர் காட்சிச் சாளரத்தைச் சுருக்கிக்கொண்டு ஆடினர். 68060 உடையோர் முழுத்திரையில் ஆடினர்.

வெளியிடப்பட்டது நிரல் மட்டுமே. படங்களும் நிலவரைபடங்களும் அடங்கிய வாட் கோப்பு அதனுடன் வழங்கப்படவில்லை. விளையாட்டை விலைக்கு வாங்கியோர் தம் கோப்பையே பயன்படுத்தினர். ஏனையோர்க்கு, ஒன்பது கட்டங்கள் கொண்ட முதற்பகுதியின் கோப்பு 1993 முதலே விலையின்றிக் கிடைத்து வந்தது. அதன் அளவு சுமார் 4 மெகாபைட். அமீகாவின் நெகிழ்தட்டு இயக்கி, பி.சி.யில் எழுதிய 720 கிலோபைட் தட்டுகளைப் படிக்க வல்லது. எனவே, நண்பர் வீட்டுப் பி.சி.யில் அக்கோப்பைத் துண்டுகளாக்கி, ஆறு தட்டுகளில் நிரப்பி, வீட்டுக்குக் கொணர்ந்து, தம் அமீகாவில் வரிசை பிறழாது ஒட்டவேண்டும். ஒட்டிய கோப்பில் ஒரு பைட்டையும் மாற்ற வேண்டியதில்லை, பி.சி.யில் இருந்தவாறே அது அமீகாவில் திறந்தது.