வீட்டிற்கேற்ற சலவைப்பொறி

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், அரியமங்கலத்திற்கும் திருவெறும்பூருக்கும் இடையே அமைந்த ஊர் காட்டூர். அதற்கு அண்மையிலேயே 1928-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பொன்மலை இரயில்வே பணிமனை உள்ளது. செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் ஒத்துழைப்புடன் 1960-களில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையும் தொலைவில் இல்லை. ஆகவே, பொறிகளைப் பற்றிய பேச்சு அவ்வட்டாரத்து மக்களுக்குப் புதியதன்று. ஆயினும், இரும்பையும் எஃகையும் நாள்தோறும் கையாள்பவர்கூட, வீட்டிற்குச் சலவைப்பொறி ஒன்று வாங்கக் கடையினுள் நுழைந்ததும், அதன் பளபளப்பையும் தள்ளுபடி விலையையும் கண்டு சற்றே மயங்குதல் உண்டு. வாஷிங் மெஷின் என்று நாம் யாவரும் வழங்கும் அப்பொறியை எவ்வாறு தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பதை இங்கே காண்போம்.

முற்காலத்தில் காவிரியின் படித்துறைகளிலும் உய்யக்கொண்டான் வாய்க்காலின் கரைகளிலும் கற்களின்மீது துணிகளை அடித்துத் துவைத்தனர். உவர்மண் இட்டு, வெள்ளாவியில் வைத்து அழுக்கை நீக்கும் முறையைச் சலவைத் தொழிலாளர் நன்கு அறிந்திருந்தனர். வீடுகளில் அவ்வேலை பெரும்பாலும் பெண்களின் தோள்மேல் விழுந்தது. ஐவர் வாழும் ஒரு வீட்டில் துணி துவைத்து அலசப் பத்து வாளி நீர் வேண்டும் எனக் கொள்வோம். ஒவ்வொரு வாளியும் 15 லிட்டர் கொள்ளுமாயின், ஒருத்தி தூக்கிச் சுமக்கும் எடை 150 கிலோ ஆகிறது! இதற்குமேல் நனைந்த துணியின் கனமும், குனிந்து நிமிரும் இடுப்பு வலியும் வேறு. தாய் செலவிடும் இந்த நேரத்தோடு, அவளுக்குத் துணைநிற்கும் தமக்கையின் படிப்பு நேரமும் சேர்ந்தே கரைகிறது. சலவைப்பொறியை ஆடம்பரப் பொருள் என்று எளிதில் தள்ளிவிடுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நன்று.

இப்பொறியின் வரலாறு நீண்டது. செருமானிய நாட்டைச் சேர்ந்த ஷேஃபர் என்னும் அறிஞர் 1767-ஆம் ஆண்டிலேயே ஒரு துவைக்கும் பொறியின் அமைப்பை வெளியிட்டார். 1851-இல் அமெரிக்கரான ஜேம்ஸ் கிங், சுழலும் உருளையைக் கொண்ட கைப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்மோட்டார் அதனோடு இணைந்தது. நீர் நிரப்புதல், துவைத்தல், அலசுதல், பிழிதல் ஆகிய யாவற்றையும் தானே செய்யும் பொறியைப் பெண்டிக்ஸ் நிறுவனம் 1937-இல் வெளிக்கொணர்ந்தது.

இன்று கடைகளில் நாம் காண்பவை மூவகை. இரு தொட்டிகளை உடையது முதல் வகை. ஒரு தொட்டியில் துவைத்த துணியை நாமே எடுத்து மற்றொன்றில் இட்டுப் பிழியவேண்டும். நீரையும் நாமே விடலாம். மேலே திறந்து துணியிடும் தானியங்கிப் பொறி இரண்டாம் வகை. முன்புறத்தில் கண்ணாடிக் கதவுடைய தானியங்கிப் பொறி மூன்றாம் வகை. இம்மூன்றாவதில் உருளை கிடைமட்டமாகச் சுழல்கிறது. துணி மேலே சென்று மீண்டும் நீரில் விழுகிறது; படித்துறைக் கல்லில் அடிக்கும் செயலையே இது மென்மையாகச் செய்கிறது எனலாம். துணி முழுதும் மூழ்கவேண்டிய தேவை இல்லாமையால் நீர்ச் செலவு மற்ற வகைகளைவிடக் குறைவு. துணியும் அவ்வளவாக நைந்து போவதில்லை. விலையோ மிகுதி, உள்ளுறுப்புகளும் சிக்கலானவை.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பதைவிட, எது நம் வீட்டிற்கு ஏற்றது என்று கேட்பதே முறை. நம்பத்தக்க பொறி என்பது பழுதே அடையாத பொறி அன்று. அத்தகையதொன்று உலகில் இல்லை. நம் வீட்டு நீருக்கும் மின்சாரத்திற்கும் ஈடுகொடுத்து, பழுதுற்ற நாளில் விரைவாகவும் குறைந்த செலவிலும் செம்மைப்படுத்தத் தக்கதாய் இருப்பதே நம்பத்தக்கது.

முதலில் நீரைப் பார்ப்போம். திருச்சி நகரத்தார் காவிரி நீரைப் பருகுகின்றனர். எனினும், வீடுகள் பலவற்றில் பிற பயன்களுக்கு ஆழ்குழாய்க் கிணற்று நீரே பயன்படுகிறது. நிலத்தடிப் பாறைகளினூடே ஊறிவரும் அந்நீரில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் கரைந்திருக்கும். இவை மிகுந்த நீரையே கடின நீர் என்கிறோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம், லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருத்தல் ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காவிடத்து 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது. நம் வீட்டு நீர் எத்தகையது என்பதை ஓர் எளிய சோதனையால் அறியலாம். இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஒன்றில் மழைநீரையும் மற்றொன்றில் வீட்டு நீரையும் ஒரே அளவில் எடுத்துக்கொள்க. இரண்டிலும் சிறிதளவு சோப்புச் சீவலை இட்டுக் குலுக்குக. மழைநீரில் நுரை பொங்கி நிற்கும். கடின நீரிலோ நுரை எழாமல் வெண்ணிறத் திப்பி மிதக்கும். சலவைத்தூள் கடின நீரிலும் ஓரளவு நுரைக்கும் ஆதலின், சோதனைக்குச் சோப்பையே கொள்ளவேண்டும்.

கடின நீர் பொறிக்குள் என்ன செய்கிறது? அதனைச் சூடாக்கினால், கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட்டு சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. வெந்நீர் அண்டாவின் அடியில் வெண்மையாக ஒட்டிக்கொள்ளும் படிவைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு சலவைப்பொறியின் சூடேற்றியின்மேல் உறையாகப் படர்கிறது. வெப்பம் எளிதில் ஊடுருவாத அவ்வுறையினால் சூடேற்றி அளவுமீறிக் கொதிப்படைந்து, நாளடைவில் எரிந்துபோகிறது. கொதிகலன் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர் யாரேனும் உங்கள் தெருவில் இருந்தால் அவரைக் கேட்டுப் பாருங்கள். கொதிகலனுக்குச் செல்லும் நீரைத் தூய்மை செய்வதற்கு எத்துணைப் பாடுபடுகிறார்கள் என்பதை அவர் விளக்குவார். வீட்டுப் பொறிக்கு அத்துணை ஏற்பாடு தேவையில்லை. சிட்ரிக் அமிலத் தூளையோ, பொறி செய்தோர் பரிந்துரைக்கும் படிவுநீக்கியையோ இட்டு, துணியின்றி அவ்வப்போது ஒருமுறை ஓட்டினால் போதும். நீர் மிகவும் கடினமாயின், சூடேற்றி இல்லாத பொறியை வாங்குவதே அறிவுடைமை என்பது என் கருத்து.

வெந்நீரில் துவைத்தால்தான் அழுக்குப் போகும் என்று விற்பனையாளர் கூறலாம். அதற்காகும் செலவை நாமே கணக்கிடலாம். 15 லிட்டர் நீரை 28 பாகையிலிருந்து 60 பாகை செல்சியசு வரை சூடேற்ற, ஏறத்தாழ 2,000 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இது அரை யூனிட்டு மின்சாரத்தைவிடச் சிறிது மிகுதி. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டியின் நீர் தானே சுடுகிற ஊரில், அன்றாடத் துணிகளுக்கு இச்செலவு வேண்டுவதில்லை. நோயாளியின் விரிப்புக்கும் குழந்தையின் துணிக்கும் அது பயன்படும்.

அடுத்து நோக்கவேண்டியது நீரின் அழுத்தம். தானியங்கிப் பொறிகள் பலவற்றிற்குக் குறைந்தது 0.3 பார் அழுத்தமேனும் தேவை. பத்து மீட்டர் உயர நீர்த்தம்பம் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். எனவே, பொறியின் நீர்வாயிலுக்கு மேல் மூன்று மீட்டர் உயரத்திலேனும் தொட்டி இருத்தல் வேண்டும். தரைத்தளத்தில் குடியிருப்போர்க்கு இது எளிது. மாடியில், தொட்டிக்கு நேர் கீழே குடியிருப்போர்க்கு அவ்வுயரம் கிடைப்பதில்லை. பொறி நீருக்காகக் காத்துக் காத்து, இறுதியில் பிழைக்குறி காட்டி நின்றுவிடும். பொறி கெட்டுவிட்டது என்று எண்ணிப் பழுதுபார்ப்பவரை அழைப்பார்கள். உண்மையில் கெட்டது எதுவுமில்லை. இயற்பியல் மறந்துபோனதே குறை! இத்தகைய வீடுகளுக்கும், குழாய்நீர் நாளில் சில மணி நேரமே வரும் வீடுகளுக்கும், வாளியால் நீர் ஊற்றக்கூடிய இருதொட்டிப் பொறி பெரிதும் ஏற்றது. அது பழமையானது என்று இகழ்வோர் பேச்சைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மின்சாரத்தையும் மறத்தல் ஆகாது. சூடேற்றியுடன் கூடிய பொறி 2,000 வாட்டு வரை இழுக்கும். 230 வோல்ட்டில் இது ஏறத்தாழ 9 ஆம்பியர் ஆகிறது. விளக்குக்கும் விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் இணைப்பு இதனைத் தாங்காது. 16 ஆம்பியர் இணைப்பும், செம்மையான நிலக்கம்பியும் வேண்டும். ஈரக் கையோடு தொடும் பொறிக்கு நிலக்கம்பி இல்லையேல் உயிருக்கே ஊறு நேரும்.

இனிப் பிழிதலைக் காண்போம். பெரியபுராணத்தில் வரும் திருக்குறிப்புத் தொண்ட நாயனாரின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அடியவரின் கந்தையை மாலைக்குள் துவைத்து உலர்த்தித் தருவதாகச் சொல்லி வாங்கிய அவர், மழை விடாமல் பெய்தமையால் ஆற்றொணாத் துயருற்றார். ஐப்பசி அடைமழையில் பள்ளிச் சீருடை உலராது கலங்கும் தாய்மார் அத்துயரைச் சிறிதளவேனும் உணர்வர். பொறியின் பிழியும் வேகம் இவ்விடத்தில்தான் உதவுகிறது. 48 சென்டிமீட்டர் விட்டமுடைய உருளை நிமிடத்திற்கு 1,200 முறை சுழலும்போது, அதன் விளிம்பு மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. துணியிலுள்ள நீர் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 385 மடங்கு விசைக்கு உட்படுகிறது. வேகம் 700 சுழற்சியாகக் குறைந்தால், அவ்விசை 130 மடங்காக வீழ்கிறது. வேகத்தின் இருபடிக்கு ஏற்ப விசை மாறுவதே இதற்குக் காரணம். ஆனால், நெடுஞ்சாலைப் பேருந்தையும் விஞ்சும் இவ்வேகத்தைத் தாங்குவது உருளையின் பின்னேயுள்ள பேரிங்கு ஆகும். வேகம் மிகுந்தால் அதன் தேய்மானமும் மிகும். வெயில் நிறைந்த மாடியுடைய வீட்டிற்கு அதிவேகம் இன்றியமையாதது அன்று.

பேரிங்கைப் பற்றிக் கடையில் தவறாது கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உருளையைச் சூழ்ந்துள்ள வெளித்தொட்டி திருகாணிகளால் இணைக்கப்பட்டதா, அல்லது பிரிக்க முடியாதவாறு உருக்கி ஒட்டப்பட்டதா? திருகாணியால் இணைந்திருப்பின், தேய்ந்த பேரிங்கை மட்டும் மாற்றலாம். ஒட்டப்பட்டதாயின், தொட்டி முழுவதையும் மாற்ற நேரும். அதற்கான செலவு சிலவேளைகளில் புதுப்பொறியின் விலையை நெருங்கிவிடும். இக்கேள்விக்கு விற்பனையாளர் விடை அறியாமல் இருக்கலாம். ஆனால், பழுதுபார்க்கும் தொழிலாளர் அறிவார். பொறி வாங்குமுன் உங்கள் பகுதியில் அத்தொழில் செய்பவர் ஒருவரிடம் கால்மணி நேரம் பேசுவது, பத்து விளம்பரங்களைப் படிப்பதினும் மேலானது. எந்தப் பொறிக்கு உதிரி உறுப்பு உடனே கிடைக்கிறது, எதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பன அவர் நாவிலேயே இருக்கும்.

பத்தாண்டு உத்தரவாதம் என்ற எழுத்துகள் பொறியின்மேல் பெரிதாகக் காணப்படும். அதனையும் ஊன்றிப் படிக்கவேண்டும். பெரும்பாலும் அது மோட்டாருக்கு மட்டுமே உரியது. மின்னணுப் பலகைக்கும் நீர்வாயிலுக்கும் உள்ள உத்தரவாதம் மிகக் குறுகியதாக இருத்தல் கூடும். உத்தரவாதம் அளித்த நிறுவனம் நிலைத்திருந்தால்தான் அதற்கும் பொருள் உண்டு. ஒருகாலத்தில் இந்திய இல்லங்கள் பலவற்றில் இடம்பெற்றிருந்த வீடியோகான் நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம், சலவைப்பொறியின் முதன்மையான உதிரி உறுப்புகள் பத்தாண்டுகள் கிடைக்குமாறு செய்தல் வேண்டும் என்னும் விதியை 2021 முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. நம் நாட்டிலும் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலை ஒன்றிய அரசு 2022-இல் தொடங்கியது. பொறியில் குறை இருந்து, விற்றவர் செவிசாய்க்காவிடில், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். வாங்கிய பற்றுச்சீட்டு அதற்கு வேண்டும்.

பொறியின்மேல் ஒட்டியுள்ள விண்மீன் முத்திரையைப் பலர் காண்பர். அதன்கீழ் உள்ள எண்களைப் படிப்போர் சிலரே. ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு மின்சாரமும் நீரும் செலவாகும் என்பதை அவ்வெண்களே கூறும். 7 கிலோ என்று குறிப்பிட்டிருப்பது உலர்ந்த துணியின் எடையாகும். உருளையை அழுத்தி நிரப்பாமல், மேலே ஒரு கையளவு இடம் விட்டால்தான் துணி புரளும்.

பொறி வீட்டிற்கு வந்தபின் அதனைச் சமதரையில் நிறுத்தி, நான்கு கால்களும் தரையில் பதியுமாறு திருகிச் சரிசெய்தல் வேண்டும். அடிப்புறம் திறந்திருப்பின், எலி புகுந்து கம்பிகளைக் கடிக்காதவாறு வலைத்தகடு ஒன்றைப் பொருத்தவேண்டும். முன்கதவுப் பொறியாயின், வண்டியில் வரும்போது உருளை ஆடாதிருக்கப் பின்புறத்தில் நீண்ட ஆணிகள் முடுக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் பொறி நிலநடுக்கம் போல் அதிர்ந்து, முதல் நாளிலேயே கெடும். கழற்றிய ஆணிகளை எறிந்துவிடாமல், பற்றுச்சீட்டோடு சேர்த்து ஒரு பையிலிட்டு வைக்கவேண்டும். வாடகை வீட்டிலிருந்து வேறு வீட்டிற்குப் பொறியைக் கொண்டுசெல்லும் நாளில் அவை மீண்டும் தேவைப்படும்.