பெரிய சைலன்ஸர் குழாய் மாட்டினால் பெட்ரோல் மிச்சமாகுமா?

திருவனந்தபுரம் மேடு பள்ளம் நிறைந்த ஊர். சாலை பஜாருக்கும் செக்ரட்டேரியட்டுக்கும் பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள் பலர். பெரிய குழாய் மாட்டினால் இழுவை கூடும் என்று சிலர் நம்புகிறார்கள். இது தவறு.

குழாய் குறுகலாக இருந்தால் புகை வெளியேறத் திணறும்; அதைத் தள்ளுவதிலேயே என்ஜினின் சக்தி வீணாகும். கரி அடைத்தாலும் இதே கதிதான். குழாய் அளவுக்கு மீறி அகன்றாலோ புகையின் வேகம் தளரும். நிதான ஓட்டத்தில் இழுவை குறையும். மேட்டில் ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்கப் பெட்ரோல் கரையும்.

1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில், நழுவும் பெட்ரோல் கலவையைக் குழாயில் எழும் அலையே திருப்பி அனுப்புகிறது. அந்தக் குழாயை வெட்டினால் எரியாத பெட்ரோல் வெளியே போகும்.

1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, சத்தத்தை அடக்கும் சைலன்ஸர் கட்டாயம். கம்பெனி கொடுத்த குழாயே பைக்குக்கும் நல்லது; மாதச் சம்பளத்துக்கும் நல்லது.