கேட்கக் கூசும் பாடம்

வீட்டில் பெண்ணொருத்திக்குச் சுகமில்லையென்றால், லேடி டொக்டர் இருக்கிறாரா என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். சரியான விசாரணை. அந்த டொக்டருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது யார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா, சகோதரிகளே?

1990 ஜூனில் மயிலிட்டி மக்கள் ஊரை விட்டுப் போனார்கள். அவ்வருடம் ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2017இல் மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கிடைத்தது. இரு சாராரின் பெண்மக்களுக்கும் அருகிலுள்ளது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமே. அங்கே உடற்கூற்றியல் துறைக்குத் தலைவியாயிருந்தவர் டொக்டர் ராஜினி திரணகம. 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரேதத்தை அறுத்துப் படிக்கும் பாடம் அது. மாணவிகள் கேட்கக் கூசும் கேள்விகள் அதில் ஏராளம். உயிர் இரசாயனப் பேராசிரியை வசந்தி அரசரத்தினம் 2011இல் அங்கே துணைவேந்தரானார். ஆனாலும் நாடு முழுவதும் கலைப்பீடங்களில் பெண்கள் நிறைந்திருக்க, பொறியியலில் குறைவாகவே இருக்கிறார்கள். கற்பிக்க ஒரு பெண்ணைக் காணாத பாடத்தை, தனக்குரியதல்ல என்று பிள்ளை முடிவு செய்துவிடுகிறாள்.

மார்க்கம் தடுத்ததா? ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மக்காவில் ஸஹீஹுல் புகாரியை ஓதிக்கொடுத்தவர் கரீமா அல்மர்வஸிய்யா. கதீப் அல்பக்தாதி போன்ற பேரறிஞரே அவரிடம் பாடம் கேட்டார்.

நம்முடைய பெண்கள் மத்ரஸாக்களில் என்ன நடக்கிறது? பல இடங்களில் ஹைளு, நிஃபாஸ் பாடத்தைக்கூடத் திரைக்கப்பால் இருந்து உஸ்தாதே நடத்துகிறார். சந்தேகமுண்டா என்று கேட்பார். இந்தப் பக்கம் சத்தமிராது. ஆலிமாப் பட்டம் பெற்ற சகோதரியோ அடுத்த அறையில் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்.