சும்மா பாக்கத்தான்

“கொழும்புக்கு என்ன அலுவலாய்ப் போறியள்?”

வன்னியில் நாற்பது வயதைத் தாண்டிய எவரிடமும் இந்தக் கேள்விக்கு விடை ஆயத்தமாக இருக்கும். பாஸ்போட் எடுக்க. தூதரகத்தில் நேர்முகம். மகரகம ஆஸ்பத்திரியில் அம்மாவைக் காட்ட. விடை மட்டும் போதாது, அதற்கான கடிதமும் கையில் இருக்க வேண்டும். வவுனியாவைத் தாண்டித் தெற்கே போக ‘பாஸ்’ எடுக்க வேண்டியிருந்த காலம் அது. கேட்டவர் சீருடையில் நின்றார். “சும்மா பாக்கத்தான்” என்று அவரிடம் சொல்லிவிட்டு எவரும் கொழும்பு போய்ச் சேர்ந்திருக்க முடியாது.

இன்று கிளிநொச்சி ரயில் நிலையத்தில் பள்ளிக்கூட விடுமுறைக் காலங்களில் அந்த விடைதான் கேட்கிறது. அப்பா, அம்மா, இரண்டு மூன்று பிள்ளைகள், பெரும்பாலும் ஒரு அம்மம்மா, இடியப்பப் பார்சலும் சம்பலும் வைத்த ஒரு பை. மிருகக்காட்சிச்சாலை பார்க்க, கடற்கரையில் இறால் வடை தின்ன, தாமரைக் கோபுரத்தில் ஏற என்று மூன்று நாள் பயணம். நாட்டின் வேறு பகுதிகளில் பத்திரிகைக்காரர் திரும்பிப் பார்க்காத சாதாரண விடயம் இது. வன்னியில் இதற்கு ஒரு தலைமுறை காத்திருந்தது.

அந்தக் காத்திருப்பைச் சொல்லாமல் பயணத்தைச் சொல்ல முடியாது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் ஏ9 வீதி திறந்தபோது ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி, நடந்து, பதிந்து, மறுபடி பஸ் ஏறி மக்கள் கொழும்பு போனார்கள். 2006 ஓகஸ்ட்டில் பாதை மறுபடி மூடப்பட்டது. கொழும்பில் இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி, லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள அந்தச் சிறிய லொட்ஜ் அறைகள்தான் வன்னியின் பெரியவர்களுக்குத் தெரிந்த கொழும்பு. கடலுக்கு நாலு தெரு தள்ளித் தங்கியிருந்தும் கடலைப் பார்க்காமல் திரும்பியவர்கள் உண்டு.

போர் முடிந்த உடனே சுற்றுலா தொடங்கியதுதான். ஆனால் திசை வேறு. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக மக்கள் ஏ9 வழியே வந்தார்கள். கிளிநொச்சியில் 2008 இறுதியில் தகர்க்கப்பட்டுச் சரிந்து கிடந்த பெரிய தண்ணீர்த் தாங்கியின் முன் நின்று படம் எடுத்தார்கள். முகாம்களிலிருந்து திரும்பித் தறப்பாளின் கீழ் குடியிருந்த ஊர்ச்சனம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாங்களும் பயணம் போகலாம் என்ற எண்ணம் வர இன்னும் சில ஆண்டுகளும் ஒரு ரயிலும் வேண்டியிருந்தன.

ரயிலின் கதை நீளமானது. வடக்குப் பாதை காங்கேசன்துறைவரை தொடர்ச்சியாக ஓடத் தொடங்கியது 1905இல். யாழ்தேவி 1956 ஏப்ரலில் வந்தாள். 1990 ஜூனோடு வவுனியாவுக்கு வடக்கே எல்லாம் நின்றது. தண்டவாளமும் சிலீப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பாதை இருந்த தடத்தில் பற்றை வளர்ந்தது. இந்தியக் கடனுதவியோடு இந்திய நிறுவனமான இர்கோன் பாதையை மறுபடி போட்டு, 2013 செப்டெம்பர் 14ஆம் திகதி கிளிநொச்சிக்கு ரயில் வந்தபோது, ஊரில் இருபத்துமூன்று வயதுவரை ரயிலே ஓடாத மண்ணில் வளர்ந்த இளைஞர்கள் இருந்தார்கள். அடுத்த ஆண்டு ஒக்டோபரில் அது யாழ்ப்பாணத்தை எட்டியது.

முல்லைத்தீவுக்கு இன்றும் ரயில் இல்லை. அங்கிருந்து வருபவர்கள் மாங்குளத்துக்கோ வவுனியாவுக்கோ பஸ்ஸில் வந்து ரயில் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவு பஸ்ஸில் நேராகக் கொழும்பு. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ரயில்தான் நல்லது. எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு, வடைக்காரர் வருவார். ஆசனத்தை முன்கூட்டியே பதிந்துவிடுவது அவசியம். விடுமுறைக் காலத்தில் பதியாமல் ஏறிய குடும்பம் அநுராதபுரம்வரை நின்றுகொண்டு போக நேரும். பஸ்ஸில் வடக்கிலிருந்து வருபவர்களுக்கு ஒரு ஆறுதல், முறிகண்டி. அந்தப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, பக்கத்துக் கடையில் வறுத்த கச்சான் வாங்காமல் ஏ9இல் தூரப் பயணம் போவதை வன்னியார் பயணமாகவே கணக்கெடுப்பதில்லை.

கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் எதிரே புறக்கோட்டை. தமிழ்ப் பெயர் கோட்டைக்கு வெளியே உள்ள ஊர் என்கிறது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘பெட்டா’, நம் ‘பேட்டை’தான். குறுக்குத் தெருக்களில் ஒன்றில் துணி, ஒன்றில் மின்சாமான், இன்னொன்றில் பாத்திரம். முதல் நாள் காலையிலேயே இங்கே சாமான் வாங்கத் தொடங்கும் குடும்பம் மூன்று நாளும் பையைக் காவித் திரியும். வாங்குவதைக் கடைசி நாளுக்கு வைப்பதே புத்தி. முதல் நாள் வெறும் கையோடு நடக்க வேண்டும். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகச் சுற்றிச் சுற்றிக் கட்டிய சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், 1908இல் தொடங்கி அடுத்த ஆண்டு முடித்தது, பிள்ளைகளை நிறுத்திவிடும். அப்பால் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெரு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டிய கதிரேசன் கோயில்கள் அங்கேதான். ஆடிவேல் விழாவின்போது தேர் அங்கிருந்து காலி வீதி வழியே தெற்கே போகும். இன்னும் வடக்கே நடந்தால் கொச்சிக்கடை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயிலும், 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்த அந்தோனியார் தேவாலயமும் கிட்டக்கிட்ட இருக்கின்றன. தேவாலயத்துக்குள் போகும் வன்னித் தாய்மார் அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பதுண்டு. சமயம் எதுவாயினும் அந்த இழப்பு அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதல்ல.

பெரும்பாலான குடும்பங்கள் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது: தேசிய நூதனசாலை. 1877இல் ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில் திறந்த வெள்ளைக் கட்டடம். கண்டி மன்னர்களின் சிம்மாசனத்தைப் பார்க்கத்தான் சனம் கூடும். தமிழ்ப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இரண்டு இடங்களில் நின்றே ஆக வேண்டும்.

ஒன்று, காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே இலங்கைக்கு வந்த காலத்தில், 1409ஆம் ஆண்டுத் திகதியோடு, சீனத்திலும் தமிழிலும் பாரசீகத்திலும் பொறித்த கல். சீனப் பகுதி புத்தருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு, தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்கு. 1911இல் கண்டெடுத்தபோது அது காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீவின் தென்கரையில் ஒரு வெளிநாட்டார் கல்வெட்டு வைக்க நினைத்தபோது, ஊரார் வாசிக்கும் மொழி என்று அவர் தெரிந்தெடுத்தவற்றில் தமிழும் ஒன்று. எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன. ஆயினும் குனிந்து தேடும் பிள்ளைக்கு அங்கங்கே ஒரு ‘க’வோ ‘ந’வோ பிடிபடலாம்.

மற்றது, பொலன்னறுவையின் சிவன் கோயில்களில் தோண்டியெடுத்த வெண்கலப் படிமங்கள். நடராசர் இருக்கிறார், நாயன்மார் இருக்கிறார்கள். எலும்பும் தோலுமாகத் தாளம் ஏந்திய காரைக்கால் அம்மையாரைப் பாடப்புத்தகத்தில் மட்டும் கண்ட பிள்ளைகள் அங்கே நேரில் காணலாம்.

தெகிவளை மிருகக்காட்சிச்சாலை கதை வேறு. கொழும்புப் பிள்ளைகள் அங்கே யானையைப் பார்க்கப் போகிறார்கள். வன்னிப் பிள்ளைகளுக்கு யானை புதினம் இல்லை. கதிர் முற்றும் காலத்தில் வயலுக்குள் இறங்கும் யானைக்கு அப்பா வெடி கொளுத்துவதைக் கேட்டே தூங்கியவர்கள் அவர்கள். வீட்டுத் தென்னை முறிவதையும் நெல்மூட்டைக்காகச் சுவர் இடிவதையும் கண்ட பிள்ளைக்கு அடைபட்ட யானை வேறு விதமான காட்சி. அவர்கள் வாய் பிளந்து நிற்பது ஒட்டகச்சிவிங்கியின் முன்னால். 1936 முதல் அரசு நடத்தும் இந்த இடத்துக்கு ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும். வெயில் ஏறுமுன் போவது நல்லது. புறக்கோட்டையிலிருந்து காலி வீதியால் ஓடும் 100, 101 பஸ்கள் தெகிவளைச் சந்தியில் இறக்கும். கரையோர ரயிலில் போனால் கடல் யன்னலுக்குப் பக்கத்திலேயே ஓடி வரும். மூன்று ரயில் பெட்டிகளில் போனாலும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பக்கத்து யன்னலுக்குத்தான் அடிபடுவார்கள்.

மொழி ஒரு தடையாகத் தோன்றலாம், உண்மையில் இரண்டு மூன்று சிங்களச் சொற்கள் போதும். இறங்க வேண்டுமானால் “பஹினவா”, விலை கேட்க “கீயத”. முச்சக்கர வண்டிக்கு மீற்றர் போடச் சொல்ல வேண்டும், அல்லது கைப்பேசியில் பிக்மீ வழியே அழைத்தால் விலைப் பேச்சுக்கே இடமில்லை. வெள்ளவத்தையில் இறங்கிவிட்டால் அந்தச் சொற்களும் வேண்டாம். கடைப் பலகையும் காய்கறி விலையும் தமிழில் பேசும் இடம் அது. கொழும்பு உறவினர் வீடு என்றால் பெரும்பாலும் அங்கேயோ கொட்டாஞ்சேனையிலோதான் இருக்கும்.

சாப்பாட்டுக்கு வருவோம். வெள்ளவத்தையில் ஒடியல் கூழும் இடியப்பமும் சொதியும் கிடைக்கும். வன்னியிலிருந்து முந்நூறு கிலோமீற்றர் வந்து அதைத் தின்ன வேண்டியதில்லை. பம்பலப்பிட்டியில் சரஸ்வதி லொட்ஜ் என்ற பழைய சைவக்கடை இருக்கிறது. பெயரில் லொட்ஜ், வேலை தோசையும் உளுந்துவடையும். அம்மம்மா மச்சம் தொடாத நாளானால் அங்கே போகலாம். பிரியாணிக்கு மருதானை புஹாரி. கொத்துரொட்டி கிளிநொச்சிச் சந்தியிலும் கேட்கும் சத்தம்தான். ஆனாலும் இரவு பத்து மணிக்குக் காலி வீதியில் நின்று சீஸ் கொத்து தின்னாமல் பெரிய பிள்ளைகள் ஊர் திரும்ப ஒப்பமாட்டார்கள்.

உண்மையில் தேடிச் சாப்பிட வேண்டியது லம்ப்ரைஸ். ஒல்லாந்து வழிவந்த பறங்கியரின் சமையல்; பெயரும் ஒல்லாந்துச் சொல்லிலிருந்தே வந்தது. இறைச்சி அவித்த சாற்றில் சோறு ஆக்கி, கலப்பு இறைச்சிக் கறி, கத்தரிக்காய் மோஜு, சிறிய இறைச்சி உருண்டை எல்லாம் வைத்து, வாழையிலையில் பொதிந்து, அந்தப் பொதியோடு போறணையில் வைத்து எடுப்பது. இலையைப் பிரிக்கும்போது எழும் வாசம் கட்டுச்சோற்றைப் பிரிக்கும் வாசம்தான். வன்னியில் கிடைக்காத சாப்பாடு, வன்னி மூக்குக்குத் தெரிந்த மணம்.

காலிமுகத்திடலை மாலைக்கு வைக்க வேண்டும். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் உலாவ அமைத்த திடல். 2022இல் நாட்டின் ஒரு சனாதிபதியை வெளியேறச் செய்த போராட்டத்துக்குக் கூடாரமிட்ட திடலும் அதுவே. பட்டம், குமிழி ஊதும் விளையாட்டு, மிளகாய்த்தூள் தூவிய அன்னாசி, பருப்பு வடையின் மேல் முழு இறாலைப் பதித்துப் பொரித்த இறால் வடை. நந்திக்கடலிலும் நாயாற்றிலும் பிடித்த இறாலைத் தின்று வளர்ந்த முல்லைத்தீவு நாக்கு இந்த இறாலுக்கு எளிதில் புள்ளி போடாது. அந்த நாக்கு சொல்வதைத்தான் நம்ப வேண்டும். ஆனால் வெங்காயமும் மிளகாய்ச் சாறும் ஊற்றி, கடற்காற்றில் நின்று, தாளில் வைத்துத் தின்னும்போது இறாலின் ஊர் மறந்துபோகும்.

அங்கே முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்கு ஒரு புதினம் காத்திருக்கிறது. அவர்களுடைய கடல் கிழக்குக் கடல். சூரியன் அதிலிருந்து எழும்பித்தான் கண்டிருக்கிறார்கள். 2004 டிசெம்பரில் ஊரை அள்ளிய கடலும் அதுவே, 2009 மே மாதம் சனம் கடைசியாக நெருக்குண்டு நின்ற கரையும் அதுவே. காலிமுகத்தில் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. சிவந்து, தட்டையாகி, ஒரு கணத்தில் இல்லாமல் போகிறது. பெரியவர்களும் வடையைக் கையில் வைத்தபடி அதைப் பார்க்கிறார்கள்.

தாமரைக் கோபுரம் 350 மீற்றர் உயரம். பொதுமக்களுக்குத் திறந்தது 2022 செப்டெம்பரில். விழுந்து கிடந்த தாங்கியைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உச்சித் தளத்தில் நின்று கேட்பது ஒரே கேள்வி: “எங்கட ஊர் எந்தப் பக்கம்?” வடக்கே கைகாட்டலாம், தெரியாது.

போகும்போது வெள்ளவத்தை உறவினருக்குக் காட்டுத்தேன், கருவாடு, மோர்மிளகாய், பருவகாலமானால் பாலைப்பழம் கொண்டுபோவது வழக்கம். திரும்பும்போது பை வேறு விதமாக நிறையும். வன்னியின் வறண்ட மண்ணில் விளையாத ரம்புட்டானும் மங்குஸ்தானும் கோட்டை நிலையத்துக்கு எதிரே குவியலாக விற்கும். இரண்டு கொத்து வீட்டுக்கு, ஒரு கொத்து பக்கத்து வீட்டுக்கு. ஆசனத்துக்குக் கீழே வைத்த அந்தப் பையில் அநுராதபுரம் வருமுன்னரே பிள்ளைகளின் கை புகுந்துவிடும். மாங்குளத்தில் இறங்கும்போது பக்கத்து வீட்டுக்காரரின் கொத்து மட்டும், அம்மம்மாவின் மடியில், தப்பியிருக்கும்.