பகடை சொன்னபடி ஆடியவர்கள்

தொலைக்காட்சி நடனப் போட்டிகளில் ‘கன்டெம்பரரி’ என்று அறிவித்த மாத்திரத்தில், ஆடுகிறவர் தரையில் புரண்டெழுந்து, துணியைப் பற்றித் தொங்கிச் சுழன்று, கண்ணீரோடு முடிக்கிறாரே, தற்கால நடனம் என்பது இவ்வளவுதானா என்று காரைக்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இசடோரா டங்கன் முதல் மார்த்தா கிரகாம் வரையிலான நவீன நடனச் சரித்திரம் இப்பகுதியைப் படிப்பவர்கள் அறிந்ததே. ஆகையால், என்னை நெடுங்காலமாக ஆட்கொண்டிருக்கும் ஒரு மாலைப்பொழுதைப் பற்றி மட்டும் சொல்லுகிறேன்.

1962 ஜூலை 6 அன்று, நியூயார்க் நகரத்து ஜட்சன் நினைவுத் தேவாலயத்தில், 14 நடன அமைப்பாளர்கள் தத்தம் படைப்புகளை ஒரே நிகழ்ச்சியில் அரங்கேற்றினார்கள். நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனக்கூடத்தில் ராபர்ட் டன் நடத்திவந்த வகுப்பின் பலன் அது. டன் சங்கீதக்காரர், இசையமைப்பாளர் ஜான் கேஜிடம் பயின்றவர். மாணவர் ஒரு நடனத்தை ஆடிக்காட்டினால், அது நன்று, தீது என்று தீர்ப்புக் கூறாமல், அதை எந்த முறையால் அமைத்தார் என்பதையே அவர் விசாரித்தார்.

அம்மாலையில் ஸ்டீவ் பாக்ஸ்டனின் ‘ப்ராக்ஸி’ என்ற நடனத்தில், நடப்பதும், தண்ணீர் குடிப்பதும், பேரிக்காய் தின்பதும் நடனமாயின. பத்திரிகைகளிலிருந்து விளையாட்டு வீரர்களின் படங்களைக் கத்தரித்து ஒட்டி, அந்த நிலைகளை ஆடுவோர் எடுத்துக்கொள்ள வேண்டுமென்று விதித்த அவர், ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குப் போகும் வழியை அவர்களிடமே விட்டுவிட்டார்.

ஆயினும் என் மனத்தைப் பறித்தது எலைன் சம்மர்ஸின் ‘இன்ஸ்டன்ட் சான்ஸ்’. தெர்மாகோல் போன்ற இலேசான, பெரிய, பல வண்ணக் கட்டைகளை ஆடுவோர் சபையோர் கண்முன்பே பகடைபோல் வீசியெறிவார்கள். விழுந்த கட்டையின் வடிவமும் நிறமும் எண்ணும், ஆடவேண்டிய அசைவு எது, வேகம் எவ்வளவு, தாளம் எது என்பவற்றை அக்கணமே நிர்ணயித்துவிடும். எங்கள் வீட்டுத் திண்ணையில் பாட்டி தாயம் ஆடும்போது, விழுவது ஐந்தோ பன்னிரண்டோ, எந்தக் காயை நகர்த்துவதென்ற சுதந்திரமாவது அவளுக்கு மிஞ்சியிருந்தது. இவர்களுக்கோ அதுவும் குறைவு. பழகிப்போன அபிநயத்திலும் பிடித்தமான சுழற்சியிலும் உடல் தானாகப் போய் ஒதுங்கிக்கொள்ளும் சுபாவத்தைத் தடுப்பதற்கு இதைவிடக் கண்டிப்பான ஆசான் கிடைப்பது அரிது.

இதைக் கேட்டவுடன், தோன்றியபடி ஆடலாம் என்று அர்த்தம் செய்துகொண்டு, பயிற்சியின்மைக்குத் ‘தற்கால’ என்ற போர்வையைப் போர்த்திக்கொள்கிறவர்கள் உண்டு, அது அநியாயம். பாக்ஸ்டன் அக்காலத்தில் கன்னிங்ஹாமின் குழுவிலேயே ஆடிவந்தவர். அடுத்த கணம் மெதுவென்றால் மெதுவாகவும், விரைவென்றால் விரைவாகவும் கீழ்ப்படியத்தக்க சரீரத்தைச் சம்பாதித்துக்கொண்ட பிறகே ஒருவர் தற்செயலுக்குத் தம்மை ஒப்புக்கொடுக்க முடியும். பகடை விதித்ததை நிறைவேற்றுவதும், மனம் போனபடி கைகால்களை வீசுவதும் ஒன்றல்ல.

அந்த ஜட்சன் மாலையைப்போல நம் சபாக்களிலும் பல அமைப்பாளர்களின் நடனங்களைத் தொகுத்து ஒரே மாலையில் வழங்கும்போது, ஆடுகிறவரின் பெயரும், புரவலரின் பெயரும், மாலை போடுகிற பிரமுகரின் பெயரும் கொட்டை எழுத்தில் வர, அசைவுகளை யோசித்து அமைத்தவரின் பெயர் பல சமயங்களில் எங்கும் காணப்படுவதில்லை. நம் சபாக்காரர்கள் இனியாவது, ஒவ்வொரு நடனத்தையும் அமைத்தவர் யார், எம்முறையில் அமைத்தார் என்று நிகழ்ச்சிநிரலில் இரண்டு வரி அச்சிடுவார்களாக.